பழைய லேப்டாப்பைத் தள்ளிவிடும் முன்...



நமது இதழில் பருப்பு விலை பற்றி எழுதுவார்கள், எடைத் தராசு முத்திரை பற்றி எழுதுவார்கள், ஜி.எஸ்.டி. பற்றி எழுதாத மாதமே கிடையாது. லேப்டாப்பின் வயிற்றுக்குள் இருக்கும் மெமரியையும் ஹார்டு டிஸ்க்கையும் பற்றி ஒரு மளிகை மொத்த வியாபாரி எழுதினால், 'அண்ணாச்சிக்கு ஏன் இந்த வேலை' என்று சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். கொத்தவால் சாவடியில் மூட்டைக் கணக்கு எழுதித் தொழில் கற்றவன். ஆனால் இன்று என் கடைக்கு வர வேண்டிய நிலுவை எவ்வளவு, எந்த மில்லுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், எந்த லோடுக்கு இ-வே பில் போட்டாயிற்று என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது. கல்லாப் பெட்டியின் பூட்டைப் பற்றி வியாபாரி எழுதலாம் என்றால் இதைப் பற்றியும் எழுதலாம்.

2024ஆம் ஆண்டு ஜூலை மாதம் 20ஆம் தேதி நடந்தது இது. இருபதாம் தேதி என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 3பி ரிட்டர்ன் போட வேண்டிய கடைசி நாள். தவறினால் நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. எங்கள் லேப்டாப் 2019இல் வாங்கியது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு எதிர்க்கடையில் டீ குடித்து, பேப்பர் பார்த்துவிட்டு வந்தாலும் அது இன்னும் விழித்திருக்காது. அன்று மாலை கணக்கு மென்பொருளைத் திறந்தால் போர்ட்டல் நிற்கிறது, போர்ட்டலைத் திறந்தால் கணக்கு நிற்கிறது. கணக்கு எழுதும் பெண் பட்டாபிராமிலிருந்து வருகிறவர். வழக்கமாக ஏழு மணி வண்டியில் போய்விடுவார். அன்று இரவு ஒன்பதே முக்காலுக்கு வேலை முடிந்து, என் மகன் வண்டியில் கொண்டுபோய் விட்டு வந்தான். அவர் வீட்டில் கைக்குழந்தை. எனக்கு மனம் சங்கடப்பட்டது.

மறுநாள் ஞாயிறு. மகன் சொன்னான், 'அப்பா, புதுசு வாங்கிடலாம், மாசத் தவணைதானே' என்று. ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனோம். பெயர் வேண்டாம். அங்கிருந்த பையன் நம் லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. 'அஞ்சு வருஷம் ஆயிட்டா அவ்வளவுதான் சார், இதுக்கு இனி பார்ட்ஸ் வராது' என்றான். எக்ஸ்சேஞ்சில் 2,500 ரூபாய் கழிப்பதாகவும், புதியது 52,000 என்றும் சொன்னான். நானும் நாற்பது வருடமாக விற்பவன். சரக்கை மூக்கில் வைத்து மோந்துகூடப் பார்க்காமல் 'சொத்தை' என்று சொல்லுகிறவன் விலையை இறக்கத்தான் சொல்லுகிறான் என்பது எனக்குத் தெரியாதா? 'யோசித்துச் சொல்கிறோம் தம்பி' என்று வந்துவிட்டோம்.

திங்கட்கிழமை அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு சந்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஓர் இளைஞரிடம் காட்டினேன். அவர் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்று மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினார். ஒரு பட்டியல் வந்தது. அதில் டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம், மெமரி என்ற இடத்தில் 90க்கு மேல். மூளையாகிய பிராசசரோ பத்து, பதினைந்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. 'அண்ணாச்சி, மெஷின் நல்லாத்தான் இருக்கு. மெமரி நாலு ஜி.பி., டிஸ்க் பழைய சுத்துற டிஸ்க். இந்த ரெண்டையும் மாத்துனா போதும். உள்ள இன்னொரு ஸ்லாட் காலியா கிடக்கு' என்றார். அந்தக் காலி ஸ்லாட் ஐந்து வருடமாகக் காலியாகவே கிடந்திருக்கிறது.

இதை நம் பாஷையில் சொல்கிறேன். மெமரி என்பது முன்கடை மேசை. ஹார்டு டிஸ்க் என்பது பின்னால் இருக்கும் குடோன். மேசை பெரிதாக இருந்தால் அன்றைக்கு வேண்டிய சரக்கையெல்லாம் முன்னாலேயே பரப்பி வைத்துக் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கலாம். மேசை சிறிதாக இருந்தால், மிளகு கேட்டவுடன் சீரகத்தை உள்ளே வைத்துவிட்டு மிளகைக் கொண்டுவர வேண்டும், அடுத்தவர் சீரகம் கேட்டால் திரும்பவும் குடோனுக்கு ஓட வேண்டும். 2019இல் நாலு ஜி.பி. போதுமாக இருந்தது. இன்றைக்கு இணையத்தில் நாலைந்து பக்கங்களைத் திறந்து வைத்தாலே மேசை நிரம்பிவிடுகிறது. அதற்குமேல் மெஷின் குடோனுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது.

குடோனாவது சுறுசுறுப்பா என்றால் அதுவும் இல்லை. பழைய ஹார்டு டிஸ்க்குக்குள் இசைத்தட்டு மாதிரி ஒரு தட்டு, நிமிடத்துக்கு 5,400 சுற்றுச் சுற்றுகிறது. வினாடிக்குத் தொண்ணூறு சுற்று. கேட்க வேகமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் ஒரு முள் நகர்ந்து போய், அந்த இடம் சுற்றி வரும் வரை காத்திருக்க வேண்டும். அங்கங்கே சிதறிக் கிடக்கும் தகவல் என்றால் வினாடிக்கு நூறு துண்டு எடுப்பதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். எஸ்.எஸ்.டி. என்று சொல்லப்படுகிற புதிய வகையில் சுற்றுவதும் இல்லை, முள்ளும் இல்லை. எல்லாம் சில்லு. பென் டிரைவின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிதறிக் கிடக்கும் துண்டுகளை வினாடிக்குப் பல ஆயிரக்கணக்கில் எடுத்துப் போடும். பிராசசரை மாற்றாமல், குடோன் பையனை மட்டும் மாற்றியதில் கடை ஓடுவது இதனால்தான்.

செலவுக்கு வருகிறேன். 2024 ஆகஸ்டில் எட்டு ஜி.பி. மெமரி 1,650 ரூபாய், 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி. 3,200 ரூபாய், பழைய டிஸ்க்கைப் போட்டு வெளியிலிருந்து இணைத்துக்கொள்ள ஒரு யு.எஸ்.பி. கூடு 350, கைக்கூலி 600. ஆக 5,800 ரூபாய். பாகங்களை நானே ரிச்சி தெருவில் வாங்கினேன். அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோவில் அடுத்த நிலையமான அரசினர் தோட்டத்தில் இறங்கினால் நடந்து போகலாம். நான் இளவட்டமாக இருந்தபோது அந்தத் தெருவில் ரேடியோ பாகங்கள்தான் குவிந்திருக்கும். இப்போது நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு, வாலர்ஸ் ரோடு வரை கம்ப்யூட்டர் சாமான். நான்கு கடையில் விலை கேட்டேன். ஒரே பொருளுக்கு நானூறு ரூபாய் வித்தியாசம். பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன் என்றார் ஒருவர். நண்பர்களே, அங்கே ஏமாறாதீர்கள். 18 சதவீத வரி உள்ள பொருள். நம் ஜி.எஸ்.டி. எண் போட்டுப் பில் வாங்கினால், காம்போசிஷன் திட்டத்தில் இல்லாதவர்களுக்கு அந்த வரி உள்ளீட்டு வரவாகத் திரும்பிவிடும். அதைவிட முக்கியம், பில்லில் பொருளின் சீரியல் நம்பர் எழுதியிருந்தால்தான் மூன்று வருடமோ ஐந்து வருடமோ உள்ள வாரண்டி நமக்குச் செல்லும். வேறு மெஷினிலிருந்து கழற்றிய டிஸ்க்கைத் துடைத்துப் புதியது என்று தள்ளுகிறவர்களும் சந்தையில் உண்டு. எந்தச் சந்தையில் இல்லை?

மெமரி வாங்கும்போது வகை பார்த்து வாங்க வேண்டும். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று தலைமுறை உண்டு. ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்று நுழையாது, வெட்டுக்குறி இடம் மாறி இருக்கும். அழுத்தி நுழைத்தால் ஸ்லாட் போய்விடும். மேசைக் கம்ப்யூட்டரின் மெமரி நீளம், லேப்டாப்பின் மெமரி அதில் பாதி. பழையதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய் 'இதே மாதிரி கொடு' என்பதுதான் நமக்குச் சுலபமான வழி. எஸ்.எஸ்.டி.யிலும் இரண்டு உருவம் உண்டு. ஒன்று பழைய டிஸ்க்கின் அளவிலேயே இருக்கும், பழையது இருந்த இடத்தில் அப்படியே உட்காரும். மற்றது சூயிங்கம் பட்டை மாதிரி ஒல்லியானது. இந்த ஒல்லியிலும் சாட்டா என்றும் என்.வி.எம்.இ. என்றும் இரு வகை. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். மெக்கானிக்கிடம் கேட்காமல் வாங்க வேண்டாம்.

வேலை செய்த விதத்தை உடனிருந்து பார்த்தேன். முதலில் சார்ஜரைப் பிடுங்கினார். மூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பைக் கழற்றினார். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் சில்லைச் சுட்டுவிடுமாம், அதற்காகப் பக்கத்திலிருந்த இரும்பு பீரோவைத் தொட்டுவிட்டுத்தான் மெமரியைக் கையில் எடுத்தார். இரண்டு பக்கக் கொக்கியைத் தள்ளிச் சாய்வாக நுழைத்து அழுத்தினால் 'டக்' என்று உட்கார்ந்துவிட்டது. அந்த வேலை பத்து நிமிடம். பழைய டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் புதியதில் அச்சு மாறாமல் பிரதி எடுக்கத்தான் மூன்றரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் சுவிட்சைப் போட்டார். நான் டீக்கு எழுந்தேன். 'உட்காருங்க அண்ணாச்சி' என்றார். இருபது வினாடியில் திரை வந்துவிட்டது.

நிற்க. இதுவரை படித்துவிட்டு நாளைக்கே ஸ்குரூ டிரைவரோடு கிளம்பிவிட வேண்டாம். எனக்கு ஒரு பழைய காயம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

2016இல் எங்கள் கடையில் இருந்தது மேசைக் கம்ப்யூட்டர். ஒரு வாரமாக அதற்குள்ளிருந்து 'டிக், டிக்' என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. மின்விசிறியில் தூசு என்று நினைத்து விட்டுவிட்டோம். ஒரு நாள் காலை டிஸ்க் எழுந்திருக்கவில்லை. பிரதி ஒன்று பென் டிரைவில் இருந்தது, நான்கு மாதம் பழையது. தகவலை மீட்டுத் தருகிறோம் என்று ஒரு நிறுவனம் 28,000 ரூபாய் கேட்டது, கிடைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை என்றும் சொன்னது. கொடுத்தோம். கிடைக்கவில்லை.

பில் நகல்கள் இருந்ததால் யாருக்கு எவ்வளவு சரக்குப் போயிற்று என்று தெரியும். யார் எவ்வளவு கட்டினார்கள் என்பதுதான் தெரியாது. வசூல் பையன் துண்டுச் சீட்டில் எழுதி வருவான், கம்ப்யூட்டரில் ஏற்றியதும் சீட்டைக் கிழித்துவிடுவோம். பேரேடு எழுதிய காலத்தில் எனக்கு இந்த நிலை வந்ததில்லை. வேறு வழியில்லாமல் நானே வண்டியை எடுத்துக்கொண்டு திருமுல்லைவாயில், ஆவடி, திருநின்றவூர், அந்தப் பக்கம் மாங்காடு, பூந்தமல்லி என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். 'உங்க கணக்குப்படி எனக்கு எவ்வளவு பாக்கி?' என்று வாங்கியவரிடமே கேட்பது எவ்வளவு கேவலம் என்பதை நீங்களும் உணர்வீர்கள். பெரும்பாலோர் நேர்மையாகச் சொன்னார்கள். கோவில்பதாகையில் பெட்டிக்கடை வைத்திருந்த ஓர் அம்மா, கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் தேதி வாரியாக எழுதி வைத்திருந்தார். 'நீங்க நெனைக்கிறதவிட எரநூத்திச் சொச்சம் கூடவே இருக்கு அண்ணாச்சி' என்று எடுத்துக் கொடுத்தார். அவருடைய கணக்கு காலண்டர் தாளில் பத்திரமாக இருந்தது, என்னுடையது முப்பதாயிரம் ரூபாய் மெஷினில் தொலைந்துவிட்டது. மூன்று நான்கு பேர் மட்டும் எல்லாம் கட்டியாகிவிட்டது என்றார்கள். மறுத்துப் பேச என்னிடம் என்ன இருந்தது? ஒரு லட்சத்து எண்பதாயிரம் போயிற்று. அவர்களில் இருவர் இந்த இதழைப் படிக்கிறவர்கள்தான். பெயர் சொல்லமாட்டேன். இப்போது ரொக்கத்துக்குத்தான் கொடுக்கிறேன்.

ஆகையால் முதல் வேலை, மூடியைத் திறப்பதற்கு முன் பிரதி எடுப்பது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்று கடையில், ஒன்று வீட்டில். 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டை தண்ணீரில் நின்றதையும் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தரைத்தளக் கடையில் மெஷினும் அதன் பிரதியும் ஒரே மேசை அறையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். எஸ்.எஸ்.டி. போட்டவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பழைய டிஸ்க்காவது சாகுமுன் டிக் டிக் என்று சொல்லிவிட்டுச் சாகும். எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் சத்தமில்லாமல் ஒரே நாளில் போய்விடும், அதிலிருந்து தகவலை மீட்பதும் கடினம். வேகம் கிடைத்துவிட்டது என்று பிரதி எடுப்பதை விட்டுவிட்டால் வினைதான்.

டாலி போன்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள், அதன் உரிமம் மெஷினோடு கட்டப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. டிஸ்க்கை மாற்றுமுன் உரிமத்தைச் சரண்டர் செய்துவிட்டு, மாற்றியபின் திரும்பப் பெற வேண்டும். எங்களுக்கு இது முன்கூட்டித் தெரியாமல் ஒரு பகல் வீணாயிற்று.

கழற்றிய பழைய டிஸ்க்கை மெக்கானிக் கடையில் விட்டு வராதீர்கள். 'சும்மா கிடக்கட்டும் அண்ணாச்சி' என்று அவர் நல்ல மனதோடுதான் சொல்வார். அதில் நம் பார்ட்டிகளின் பெயர், கொள்முதல் விலை, ஆதார் நகல், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கிறது. அழித்துவிட்டோம் என்று நாம் நினைப்பதை மென்பொருள் கொண்டு மீட்டுவிட முடியும். எக்ஸ்சேஞ்சில் லேப்டாப்பை டிஸ்க்கோடு கொடுப்பவர்கள் பேரேட்டையே கொடுக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த ஷோரூம் பையன் 2,500 ரூபாய்க்குக் கேட்டபோது எனக்கு இது தோன்றவே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மேலும், ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். பழைய டிஸ்க் கூட்டுக்குள் இருந்தால் அதற்கும் ஆயிற்று.

எல்லாப் பழைய மெஷினுக்கும் செலவு செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. விண்டோஸ் 10க்கு இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் கொடுப்பதை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால், இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ இருக்க வேண்டும். அதற்கு முந்திய மெஷினில் எவ்வளவு மெமரி திணித்தாலும் இந்தக் கதவு திறக்காது. வங்கி, வரி என்று பணம் புழங்கும் வேலைக்கு அதை நம்ப வேண்டாம். எங்கள் மெஷின் மயிரிழையில் எட்டாம் தலைமுறை, தப்பித்தது. ஆனாலும் பழையதற்கு வேறு வேலை உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்தில்தானே விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கினார்கள்? அதில் வந்த மெஷின்கள் எத்தனை வீட்டுப் பரணில் கிடக்கின்றன! எங்கள் கடைப் பையன் ஒருவன் தன் அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்ததை எடுத்து வந்தான். 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் நாலு ஜி.பி. மெமரியும் போட்டு லினக்ஸ் ஏற்றினோம். இன்று அது குடோனில் மூட்டைச் சீட்டு அடித்துக்கொண்டிருக்கிறது. இணையம் அதற்குக் கிடையாது, தேவையும் இல்லை.

விலை பற்றி ஒன்று. 2025இன் கடைசி மாதங்களில் மெமரி விலை மடமடவென்று ஏறியது. நான் 1,650க்கு வாங்கியது இரண்டு மடங்கைத் தாண்டியது. உலகத்தின் மெமரியில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சங், எஸ்.கே.ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள். செயற்கை அறிவுக்காகக் கட்டப்படும் பெரிய பெரிய கணினி மையங்கள் மொத்தமாக வாங்க, உற்பத்தி அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 2015 அக்டோபரில் துவரம் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டதே, அந்த நாள்தான் எனக்கு நினைவு வந்தது. மெமரி விலை உச்சத்தில் இருக்கும்போது என் யோசனை, முதலில் டிஸ்க்கை மட்டும் மாற்றுங்கள். பாதிக்கு மேல் நிவாரணம் அதிலேயே கிடைத்துவிடும். மெமரியைச் சந்தை இறங்கியதும் பார்த்துக்கொள்ளலாம். பதுக்க வேண்டாம், நமக்குத் தேவை ஒரு துண்டுதான்.

புதியதே வாங்குவது என்று முடிவு செய்தவர்கள் பணம் கட்டுமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'தம்பி, இதில் மெமரியைக் கூட்ட ஸ்லாட் இருக்கிறதா?' ஒல்லியாக, அழகாக வரும் பல லேப்டாப்களில் மெமரியைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். வாங்கும் அன்று எவ்வளவோ, சாகும் வரை அவ்வளவுதான். தராசில் எடைக்கல்லைப் பற்றவைத்து விற்றால் நாம் வாங்குவோமா? பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ஒரு இணையதளம் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் வாங்குகிற நாம் ஸ்லாட் இல்லாததை வேண்டாம் என்று தள்ளினால் அதற்கும் பலன் இருக்கும். வாரண்டிக்குள் இருக்கும் மெஷினை வெளியில் திறந்தால் தகராறு வரலாம் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த ஓ.டி. மெக்கானிக்கிடம் பேசியிருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்கக் கட்டடத்துக்கு வந்து, உறுப்பினர்களின் லேப்டாப்களை இலவசமாகப் பரிசோதித்து, எதை மாற்றலாம், எதைத் தொட வேண்டாம் என்று மட்டும் சொல்லித் தருவதாக ஒப்புக்கொண்டார். பாகம் எதுவும் விற்கமாட்டார், அந்த நிபந்தனையை நான்தான் போட்டேன். தேதியைச் செயலாளர் அறிவிப்பார். வருகிறவர்கள் சார்ஜரோடு, ஒரு காலி பென் டிரைவும் கொண்டுவரவும்.